கார் பழுதுபார்ப்பும் நம்பிக்கையும்: ஒரு நூற்றாண்டு வரலாறு

ஓடாமல் நின்ற அல்லது சரியாக ஓடாத காரின் குறையைக் கண்டறிந்து, அதை நீக்கி, மீண்டும் ஓட வைக்கும் தொழிலே கார் பழுதுபார்ப்பு ஆகும். இத்தொழில் காருடன் சேர்ந்தே பிறந்தது. மெக்கானிக் சொல்வதை நம்பலாமா என்ற கேள்வியும் அதனுடனேயே பிறந்தது. கடந்த நூறு ஆண்டுகளில் இந்தக் கேள்விக்குப் பல நாடுகளில் பல விடைகள் தேடப்பட்டன. மெக்கானிக்குகளுக்குத் தேர்வு வைத்தார்கள், சட்டம் இயற்றினார்கள், கார் நிறுவனங்களே பழுதுபார்க்கும் நிலையங்களைத் திறந்தன, இறுதியில் காருக்குள்ளேயே கணினி வந்தது. இவற்றுள் எது பலன் தந்தது, எது புதிய சிக்கலை உண்டாக்கியது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சிக்கலின் தன்மை

அரிசி வாங்குபவர் கையில் எடுத்துப் பார்த்துத் தரம் அறியலாம். உணவகத்தில் சாப்பிடுபவர் சாப்பிட்ட பிறகாவது நல்லதா இல்லையா என்று சொல்லலாம். கார் பழுதுபார்ப்பு இந்த இரண்டு வகையிலும் சேராது. வேலை முடிந்து கார் ஓடினாலும், மாற்றிய பாகம் உண்மையில் கெட்டுப்போயிருந்ததா என்பது உரிமையாளருக்குத் தெரியாது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். காலையில் சாவியைத் திருப்பினால் கார் கிளம்பவில்லை. பேட்டரி முனையில் படிந்த பச்சைப் பூஞ்சை போன்ற அரிப்பு காரணமாக இருக்கலாம். சுரண்டித் துடைத்தால் போதும், செலவே இல்லை. பேட்டரியின் ஆயுள் முடிந்திருக்கலாம். பேட்டரிக்கு மின்னூட்டம் தரும் ஆல்டர்னேட்டர் பழுதாகியிருக்கலாம். ஸ்டார்ட்டர் மோட்டார் தேய்ந்திருக்கலாம். நான்கிற்கும் அடையாளம் ஏறக்குறைய ஒன்றுதான்; செலவோ ஒன்றுக்கொன்று பல மடங்கு வேறுபடும். என்ஜின் சூடேறுவதும் அப்படியே. ரேடியேட்டர் மூடி தளர்ந்ததில் தொடங்கி, தெர்மோஸ்டாட், ரப்பர் குழாய், வாட்டர் பம்ப், ஹெட் கேஸ்கட் வரை எதுவும் காரணமாக இருக்கலாம்.

குறையைக் கண்டு சொல்பவரும், அதைச் சரிசெய்து பணம் பெறுபவரும் ஒருவரே என்பதுதான் இத்தொழிலின் அடிப்படைச் சிக்கல். பொருளியல் அறிஞர்கள் மைக்கேல் டார்பி, எடி கார்னி ஆகிய இருவரும் 1973ஆம் ஆண்டு எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இதைத் தனி வகையாகப் பிரித்துக் காட்டினர். வாங்கிய பிறகும் தரத்தைச் சரிபார்க்க முடியாமல், நம்பிக்கையின் பேரிலேயே வாங்க வேண்டிய சேவை இது என்றனர். அதற்கு அவர்கள் காட்டிய எடுத்துக்காட்டுகளில் கார் பழுதுபார்ப்பும் ஒன்று.

சொந்த ஓட்டுநரும் முதல் கராஜ்களும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கார் செல்வந்தர்களின் பொருளாக இருந்தது. உரிமையாளர் ஓட்டுவதில்லை, ஓட்டுநர் ஒருவரை வேலைக்கு வைத்தார். அந்த ஓட்டுநரே மெக்கானிக்காகவும் இருந்தார். குதிரை வண்டிக்காரரிடம் அதிகாரம் செய்து பழகிய முதலாளிக்கு, எந்திரம் தெரிந்த ஓட்டுநரிடம் அப்படி நடக்க முடியவில்லை. "இது போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்று ஓட்டுநர் சொன்னால், மறுத்துச் சொல்ல முதலாளிக்கு அறிவு இல்லை.

டயர், எண்ணெய், உதிரிபாகம் ஆகியவற்றை எந்த கராஜில் வாங்குவது என்பதையும் ஓட்டுநரே முடிவு செய்தார். கராஜ்காரர்கள் அவருக்குக் கமிஷன் கொடுத்தனர். அந்தத் தொகை முதலாளியின் பில்லிலேயே ஏறியது. அமெரிக்க இதழ்கள் இதை 'ஓட்டுநர் பிரச்சினை' என்றே குறிப்பிட்டு விவாதித்தன. பணம் கொடுப்பவர் ஒருவர், வேலை அறிந்தவர் வேறொருவர் என்ற பிளவு அப்போதே வெளிப்பட்டுவிட்டது.

எளிய காரும் விலைப்பட்டியலும்

1908ஆம் ஆண்டு ஃபோர்டு நிறுவனம் வெளியிட்ட 'மாடல் டி' கார் இந்த நிலையை ஓரளவு மாற்றியது. 1927 வரை சுமார் ஒன்றரைக் கோடி கார்கள் விற்ற இந்த மாடலின் அமைப்பு மிக எளிமையானது. உழவர்கள் தங்கள் கொட்டகையிலேயே சாதாரணக் கருவிகளைக் கொண்டு பழுது நீக்கிக்கொண்டனர். எந்திரத்தைப் புரிந்துகொள்ள முடிந்ததால் ஏமாறும் வாய்ப்பும் குறைந்தது.

1920களில் இன்னொரு முறை பரவியது. ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை மணி நேரம், இவ்வளவு கூலி என்று நிறுவனமே பட்டியல் போட்டது. பிரேக் பட்டை மாற்றவோ வால்வு தேய்க்கவோ என்ன செலவாகும் என்பது வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே தெரிந்தது. ஆனால் இதில் ஒரு குறையும் இருந்தது. எத்தனை வேலை முடித்தாரோ அதற்கேற்பக் கூலி என்று ஆனதால், பொறுமையாகக் குறையைத் தேடும் மெக்கானிக்குக்கு நட்டம். அவசரமாகப் பாகத்தை மாற்றி அனுப்புபவருக்கு லாபம். 'மாற்றுவதற்கு' விலை வந்தது. 'கண்டுபிடிப்பதற்கு' விலை வரவில்லை. இன்றுவரை தொடரும் ஒரு கோணல் இது.

1941: கழற்றிவிடப்பட்ட கம்பி

கார் பழுதுபார்ப்பில் நேர்மை எந்த அளவு உள்ளது என்பதை முதன்முதலாகப் பெரிய அளவில் சோதித்தது அமெரிக்காவின் 'ரீடர்ஸ் டைஜஸ்ட்' இதழ். அதன் முடிவுகள் 1941ஆம் ஆண்டு வெளியாயின.

சோதனை எளிமையானது. நல்ல நிலையில் இருந்த காரை எடுத்துக்கொண்டு ஓர் ஆணும் பெண்ணும் அமெரிக்கா முழுவதும் பயணம் செய்தனர். ஒவ்வொரு கராஜுக்கும் சற்று முன்னால், என்ஜினின் காயிலுக்குச் செல்லும் ஒரு கம்பியை மட்டும் கழற்றிவிடுவார்கள். என்ஜின் தடுமாறும். பயிற்சி பெற்ற மெக்கானிக் திறந்து பார்த்தவுடனேயே தெரிந்துவிடும் குறை அது. மாட்டிவிட்டால் வேலை முடிந்தது.

மொத்தம் 347 கராஜ்களில் சோதித்தனர். 129 கராஜ்களில் நேர்மையாக நடந்துகொண்டனர். அவர்களில் பலர் பணமே வாங்கவில்லை. மீதி 218 கராஜ்களில், அதாவது 63 சதவீதத்தில், செய்யாத வேலைக்கும் தேவையில்லாத வேலைக்கும் பணம் கேட்டனர். கம்பியை மாட்டிவிட்டு, வேறு ஏதோ பெரிய வேலை செய்ததாகக் கதை சொன்னவர்களும் உண்டு.

இந்த எண்கள் பிற்காலத்தில் குற்றவியல் நூல்களிலும் எடுத்தாளப்பட்டன. இதழ் தந்த பாடத்தின் ஒரு பக்கத்தை மட்டும் பலர் எடுத்துக்கொண்டனர்: மெக்கானிக்குகள் ஏமாற்றுக்காரர்கள் என்பதே அது. மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். வெளியூர் எண் கொண்ட கார், மீண்டும் வரப்போவதில்லை என்று தெரிந்த வாடிக்கையாளர், ஆராய்ந்து பார்க்க வழியில்லாத வேலை ஆகிய மூன்றும் கூடியிருந்த நிலையிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட கராஜ்கள் நேர்மையாக இருந்தன. தினமும் முகம் பார்க்கும் ஊர்க்காரரிடம் இதே மெக்கானிக்குகள் எப்படி நடந்துகொண்டிருப்பார்கள் என்பதை இச்சோதனை அளக்கவில்லை.

சட்டம் காட்டிய வழி

நேர்மையைச் சட்டத்தால் உண்டாக்க முடியாது. ஆனால் மறைவைக் குறைக்க முடியும். இதை உணர்ந்து செயல்பட்ட முதல் அரசுகளில் கலிபோர்னியா மாநிலமும் ஒன்று. 1971ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 1972இல் அங்கு மோட்டார் பழுதுபார்ப்புக்கெனத் தனி அரசுப் பிரிவு தொடங்கப்பட்டது. பழுதுபார்க்கும் நிலையங்கள் அதில் பதிவு செய்ய வேண்டும்.

அச்சட்டத்தின் முக்கிய விதிகள் எளியவை. வேலையைத் தொடங்குமுன் எழுத்தில் மதிப்பீடு தர வேண்டும். மதிப்பீட்டைத் தாண்டிச் செலவு வந்தால் உரிமையாளரின் ஒப்புதல் பெற வேண்டும். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டால் திருப்பித் தர வேண்டும். பில்லில் பாகமும் கூலியும் தனித்தனியாக இருக்க வேண்டும். இவை எதுவும் மெக்கானிக்கின் மனத்தை மாற்றும் விதிகள் அல்ல. அவர் செய்ததை வாடிக்கையாளர் பார்க்கும்படி செய்யும் விதிகள்.

அதே 1972ஆம் ஆண்டு அமெரிக்காவில் மெக்கானிக்குகளுக்குத் தேர்வு வைத்துச் சான்றிதழ் தரும் தேசிய அமைப்பு ஒன்று தோன்றியது. தேர்வு கட்டாயமல்ல, விரும்பியவர் எழுதலாம். திறமைக்கு இது அளவுகோலாக அமைந்தது. ஆனால் திறமையும் நேர்மையும் ஒன்றல்ல என்பதை அடுத்து வந்த நிகழ்ச்சி காட்டியது.

1992: பெரிய பெயரும் தப்பவில்லை

சின்ன கராஜில்தான் ஏமாற்று நடக்கும், பெரிய நிறுவனத்தில் நடக்காது என்ற எண்ணம் அமெரிக்காவில் பரவலாக இருந்தது. 1992ஆம் ஆண்டு ஜூன் மாதம் அந்த எண்ணம் உடைந்தது. நாடறிந்த சியர்ஸ் நிறுவனத்தின் கார் பழுதுபார்க்கும் நிலையங்கள் தேவையற்ற வேலைகளை விற்றதாகக் கலிபோர்னியா அரசு குற்றம் சாட்டியது. அரசு அதிகாரிகள் வாடிக்கையாளர்களைப்போல் சென்று நடத்திய மறைமுகச் சோதனைகளில், ஏறக்குறைய பத்துக்கு ஒன்பது முறை தேவையில்லாத வேலை பரிந்துரைக்கப்பட்டது தெரியவந்தது.

இதற்குக் காரணம் தனிமனிதரின் தீய குணம் மட்டுமல்ல. வாடிக்கையாளரிடம் பேசும் சேவை ஆலோசகர்களுக்கு விற்பனைக் கமிஷனையும் இலக்கையும் நிறுவனம் புகுத்தியிருந்தது. எத்தனை பாகம் விற்றாரோ அதற்கேற்ப வருமானம் என்றால், குறை இல்லாத காரிலும் குறை தெரியத் தொடங்கிவிடும். விசாரணைக்குப் பின் நிறுவனம் இழப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டது. அந்தக் கமிஷன் முறையையும் கைவிட்டது. 1900களின் ஓட்டுநர் வாங்கிய கமிஷன், 90 ஆண்டுகளுக்குப் பின் நிறுவனத்தின் ஊதிய முறையாக உருமாறி வந்தது எனலாம்.

இந்தியா: மூன்று கார்களின் காலம்

இந்தியாவில் இந்த வரலாறு வேறு பாதையில் நடந்தது. அங்கே கார்கள் பெருகியதால் சிக்கல் வந்தது. இங்கே கார்கள் அரிதாக இருந்தன.

1950களில் இந்திய அரசு, வெளிநாட்டுப் பாகங்களைக் கொண்டுவந்து பூட்டி விற்பதை மட்டும் செய்த நிறுவனங்களுக்கு இடமில்லை என்று முடிவு செய்தது. ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு ஆகியவை வெளியேறின. அதன்பின் சுமார் முப்பது ஆண்டுகள் மூன்று குடும்பங்களைச் சேர்ந்த கார்களே சாலையில் பெரிதும் ஓடின. கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த அம்பாசடர், பம்பாயில் பிரீமியர் நிறுவனம் தயாரித்த ஃபியட் (பின்னாளில் பத்மினி), சென்னையில் ஸ்டாண்டர்டு நிறுவனம் தயாரித்த ஹெரால்டு ஆகியவை அவை. புதிய கார் வாங்க முன்பதிவு செய்து ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. அதனால் ஒருமுறை வாங்கிய காரை இருபது, முப்பது ஆண்டுகள் ஓட்டினார்கள்.

இதன் விளைவு வியப்பானது. அம்பாசடர் 1957 முதல் 2014 வரை அடிப்படை வடிவம் அதிகம் மாறாமல் தயாரிக்கப்பட்டது. ஆகவே அதன் கார்புரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் கிளட்சும் நாட்டின் எந்த மூலையிலும் இருந்த மெக்கானிக்குக்குப் பழக்கமாயின. பதினான்கு பதினைந்து வயதில் ஒர்க்ஷாப்பில் சேர்ந்த பையன், முதலில் ஸ்பானர் எடுத்துக் கொடுப்பான். பிறகு பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவுவான். சில ஆண்டுகளில் ஓசையைக் கேட்டே குறை சொல்லக் கற்றுக்கொள்வான். 1950இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் கீழ் தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் மெக்கானிக் படிப்பும் கற்பிக்கப்பட்டது. ஆயினும் பெரும்பாலோர் கற்றது ஒர்க்ஷாப்பில்தான்.

இக்காலத்தில் நம்பிக்கை ஆளின்மேல் இருந்தது. குடும்ப மருத்துவர் போல ஒரு குடும்ப மெக்கானிக் இருந்தார். ஊரில் அவர் பெயர் கெட்டால் பிழைப்பு போய்விடும் என்பதே அவருக்குக் கட்டுப்பாடு. பழக்கமில்லாத ஊரில் கார் நின்றுவிட்டால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. அங்கே 1941இல் அமெரிக்காவில் கண்ட அதே நிலைதான்.

தமிழகத்தில் ஒர்க்ஷாப் வளர்ந்த விதம்

தமிழகத்தின் மோட்டார் தொழில் இந்தியாவிலேயே பழமையானவற்றுள் ஒன்று. குதிரை வண்டிகள் கட்டிவந்த சென்னை சிம்சன் நிறுவனத்தில், 1903ஆம் ஆண்டு சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவியால் ஓடும் கார் ஒன்றை உருவாக்கினார். வண்டிப் பட்டறையே மோட்டார் பட்டறையாக மாறியதற்கு இது நல்ல சான்று.

தெற்கே மதுரையில் டி. வி. சுந்தரம் அய்யங்கார் 1911இல் தொடங்கிய நிறுவனம் பேருந்துகளை இயக்கியது. கோவைப் பகுதியில் ஜி. டி. நாயுடு 1920இல் ஒரே ஒரு பேருந்துடன் பொள்ளாச்சி–பழனி வழித்தடத்தில் தொழில் தொடங்கி, பின்னர் பெரிய போக்குவரத்து நிறுவனத்தை நடத்தினார். பேருந்து நின்றால் வருமானம் நிற்கும். எனவே இத்தகைய நிறுவனங்கள் தங்களுக்கென ஒர்க்ஷாப் வைத்து, தங்கள் ஆட்களைப் பழக்கின. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, டி.வி.எஸ். நிறுவனம் கரி வாயுவால் வண்டி ஓட்டும் கருவியைத் தயாரித்துக்கொடுத்ததும் இந்த ஒர்க்ஷாப் அறிவின் பயனே.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வண்டியின் உரிமையாளரும் பழுதுபார்ப்பவரும் ஒரே நிறுவனமாக இருந்தபோது ஏமாற்று என்ற பேச்சுக்கே இடமில்லை. தேவையில்லாத பாகத்தை மாற்றினால் நட்டம் தனக்கே. அறிவும் செலவும் ஒரே இடத்தில் சேர்ந்தால் நம்பிக்கைச் சிக்கல் மறைந்துவிடுகிறது.

தனிப்பட்ட கார் உரிமையாளர்களுக்கு இந்த வசதி இல்லை. அவர்கள் தங்களுக்கென்று சில வழக்கங்களை உண்டாக்கிக்கொண்டனர். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் புதிய உதிரிபாகத்தைத் தாங்களே வாங்கி மெக்கானிக்கிடம் கொடுத்தனர். பழைய பாகம் போதுமென்றால் புதுப்பேட்டைக்குச் சென்றனர். உடைக்கப்பட்ட வண்டிகளிலிருந்து எடுத்த பாகங்கள் அங்கே கிடைத்தன. வேலை நடக்கும்போது ஒர்க்ஷாப்பிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தனர். கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டனர். கலிபோர்னியா சட்டம் எழுதி வைத்ததில் ஒரு பகுதியை இங்கே மக்கள் வழக்கமாகவே வைத்திருந்தனர். ஆனால் வழக்கத்தை மீறினால் கேட்பதற்கு ஆள் இல்லை. போலிப் பாகங்களின் தொல்லையும் இருந்தது. பெயர்பெற்ற நிறுவனத்தின் பெட்டியைப்போலவே அச்சிட்ட பெட்டியில் தரமற்ற பொருள் வந்தால் மெக்கானிக்கே ஏமாந்தார்.

மாருதியும் 'கம்பெனி சர்வீஸும்'

1983ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் முதல் மாருதி 800 கார் உரிமையாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. 796 சி.சி. கொண்ட மூன்று சிலிண்டர் என்ஜின், முன்சக்கர இயக்கம் ஆகியவை இந்திய மெக்கானிக்குக்குப் புதியவை. காருடன் சேர்த்து மாருதி ஒரு பழக்கத்தையும் கொண்டுவந்தது. இலவச சர்வீஸ் கூப்பன், உத்தரவாதக் காலம், நாடெங்கும் ஒரே மாதிரிப் பெயர்ப்பலகை கொண்ட அங்கீகரிக்கப்பட்ட நிலையங்கள் ஆகியவை அதன் கூறுகள். 1990களில் பிற வெளிநாட்டு நிறுவனங்களும் வந்தபோது இதே முறையைப் பின்பற்றின.

நம்பிக்கை ஆளிடமிருந்து பெயர்ப்பலகைக்கு மாறியது. இதில் நன்மை உண்டு. அச்சிட்ட பில், அசல் பாகம், எந்த ஊரிலும் ஒரே முறையான வேலை ஆகியவை கிடைத்தன. இழப்பும் உண்டு. கார் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் சென்றது. உரிமையாளர் குளிரூட்டிய அறையில் காத்திருந்தார். மெக்கானிக்கின் முகமே தெரியாது. பேசுபவர் சேவை ஆலோசகர். அவருக்கும் விற்பனை இலக்கு உண்டு.

பெரிய மாற்றம் 2000ஆம் ஆண்டையொட்டி வந்தது. காற்று மாசைக் குறைக்க உச்ச நீதிமன்ற ஆணையும் புதிய விதிகளும் வந்தன. கார்புரேட்டர் போய், கணினி கட்டுப்படுத்தும் எரிபொருள் உட்செலுத்தும் முறை வந்தது. ஸ்க்ரூடிரைவரால் திருகிச் சரிசெய்த இடத்தில் உணர்விகளும் மின்னணுப் பெட்டியும் அமர்ந்தன. அம்பாசடரின் ஓசையைக் கேட்டுக் குறை சொன்ன மெக்கானிக், இந்தப் பெட்டியிடம் பேச ஸ்கேன் கருவி இல்லாமல் வெளியே நின்றார்.

கணினி யாருடையது?

காருக்குள் கணினி வந்தது உண்மையில் வாடிக்கையாளருக்கு உதவ வேண்டிய செய்தி. அமெரிக்காவில் 1996 முதல் விற்கப்பட்ட எல்லாக் கார்களிலும் ஒரே வடிவமுள்ள இணைப்பும் பொதுவான பிழைக் குறியீடுகளும் கட்டாயமாயின. ஓ.பி.டி. எனப்படும் இந்த அமைப்பின் நோக்கம் புகைக் கட்டுப்பாடு. எந்த மெக்கானிக்கும் எந்தக் காரிலும் கருவியை மாட்டி, கார் தானே பதிந்து வைத்த குறிப்பைப் படிக்கலாம் என்பது அதனால் கிடைத்த துணைப்பயன். இந்தியாவிலும் பாரத் 4 விதிகளுடன் இந்த அமைப்பு கார்களுக்கு வந்தது.

ஆனால் பிழைக் குறியீடு என்பது நோயின் பெயரல்ல, அறிகுறி மட்டுமே. 'எரிபொருள் கலவையில் பெட்ரோல் குறைவு' என்று குறியீடு வந்தால், காற்றுக் குழாயில் விரிசல், அழுக்கேறிய உணர்வி, வலுவிழந்த பெட்ரோல் பம்ப் ஆகிய எதுவும் காரணமாகலாம். மேலும் பிரேக், ஏர்பேக், கதவுப் பூட்டு ஆகியவற்றின் கணினிகள் நிறுவனத்தின் சொந்தக் குறியீடுகளில் பேசின. அவற்றைப் படிக்கும் கருவியையும் கையேட்டையும் நிறுவனங்கள் தங்கள் நிலையங்களுக்கு மட்டுமே கொடுத்தன.

இதை எதிர்த்து எழுந்ததே 'பழுதுபார்க்கும் உரிமை' இயக்கம். 2012ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில மக்கள், தனி மெக்கானிக்குகளுக்கும் அதே தகவலைத் தர வேண்டும் என்ற சட்டத்துக்கு மிகப் பெரும்பான்மையாக வாக்களித்தனர். ஐரோப்பிய ஒன்றியம் 2007ஆம் ஆண்டு விதியிலேயே பழுதுபார்ப்புத் தகவலைத் தனி மெக்கானிக்குகளுக்கும் திறந்துவிடச் சொல்லியிருந்தது.

2014: இந்தியப் போட்டி ஆணையத்தின் தீர்ப்பு

இந்தியாவில் இக்கேள்வி ஒரு தனி நுகர்வோரின் புகாரில் தொடங்கியது. 2011ஆம் ஆண்டு இந்தியப் போட்டி ஆணையத்திடம் வந்த அப்புகார், மூன்று கார் நிறுவனங்கள் உதிரிபாகங்களையும் குறை கண்டறியும் கருவிகளையும் வெளிச்சந்தையில் விற்பதில்லை என்றது. விசாரணை பின்னர் பிற கார் நிறுவனங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது.

2014ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25ஆம் நாள் ஆணையம் தீர்ப்பளித்தது. 14 நிறுவனங்களுக்கு மொத்தம் ரூ. 2,544.65 கோடி அபராதம் விதித்தது. அதே ஆண்டு மே மாதத்தில்தான் அம்பாசடர் தயாரிப்பு நின்றது. எவரும் பழுதுபார்க்கக்கூடிய காரின் காலம் முடிந்த ஆண்டிலேயே, எவரும் பழுதுபார்க்கும் உரிமை பற்றிய தீர்ப்பும் வந்தது குறிப்பிடத்தக்கது. 2015இல் ஹூண்டாய் நிறுவனத்துக்குத் தனியாக ரூ. 420.26 கோடி அபராதம் விதிக்கப்பட்டது.

தீர்ப்பின் அடிப்படை எளிதில் விளங்கக்கூடியது. கார் வாங்கும்வரை வாடிக்கையாளருக்குப் பல நிறுவனங்களின் போட்டி உண்டு. வாங்கிய பின் அந்தக் காருக்கான பாகத்துக்கு ஒரே நிறுவனம்தான். அங்கே அந்த நிறுவனம் தனியாட்சி செய்கிறது. பாகங்களைத் தயாரித்துத் தரும் துணை நிறுவனங்கள் நேரடியாகக் கடைகளுக்கு விற்பதையும் ஒப்பந்தங்கள் தடுத்தன. அறிவுசார் சொத்துரிமை, பாதுகாப்பு ஆகிய காரணங்களை நிறுவனங்கள் முன்வைத்தன. ஆணையம் அவற்றை ஏற்கவில்லை. உதிரிபாகங்களும் கண்டறியும் கருவிகளும் வெளிச்சந்தையில் கிடைக்க வழி செய்ய வேண்டும் என்றது. வெளி மெக்கானிக்கிடம் காட்டினார் என்பதற்காக மட்டும் உத்தரவாதம் முழுவதையும் ரத்து செய்யக் கூடாது என்றும் கூறியது. அவரது தவறான வேலையால் ஏற்பட்ட பழுதுக்கு மட்டுமே உத்தரவாதத்தை மறுக்கலாம்.

நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன. 2016 டிசம்பரில் போட்டி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், மூன்று நிறுவனங்களின் வழக்கில் விதிமீறல் நடந்தது என்ற முடிவை உறுதி செய்தது. அபராதத்தை மட்டும் உதிரிபாக விற்பனையின் அளவுக்கு ஏற்பக் குறைத்தது. 2022ஆம் ஆண்டு நுகர்வோர் நலத்துறை பழுதுபார்க்கும் உரிமைக்கெனக் குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் நாளன்று, அதற்கான இணையத்தளம் திறக்கப்பட்டது. வாகனத்துறை அதில் உள்ள நான்கு துறைகளில் ஒன்று.

கார் வைத்திருப்போருக்கு வரலாறு தரும் பாடங்கள்

மேலே கண்ட நிகழ்ச்சிகளிலிருந்து நடைமுறைக்கு உதவும் சில வழிகளைத் தொகுக்கலாம்.

மெக்கானிக்கிடம் அறிகுறியைச் சொல்ல வேண்டும். தீர்வைச் சொல்லக் கூடாது. "கிளட்ச் மாற்றுங்கள்" என்றால் அவர் மாற்றிவிடுவார். "மேட்டில் ஏறும்போது என்ஜின் ஓசை கூடுகிறது, வேகம் கூடவில்லை" என்றால் அவர் தேட வேண்டியிருக்கும்.

குறையைக் கண்டுபிடிக்கும் வேலைக்குத் தனியாகப் பணம் கொடுக்க முன்வர வேண்டும். "பார்த்ததற்கெல்லாம் காசா?" என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஒரு மணி நேரம் தேடி, தளர்ந்த ஒரு கம்பியைக் கண்டுபிடித்த மெக்கானிக்குக்குக் கூலி கிடைக்கவில்லை என்றால், அடுத்த முறை அவர் அந்த நேரத்தைப் பாகத்தின் விலையில் சேர்த்துவிடுவார். நேர்மையான மெக்கானிக்கை நேர்மையாக இருக்க விடாத வழக்கம் இது.

பெரிய செலவு வரும் என்றால் எழுத்தில் மதிப்பீடு பெற்று, இன்னோர் இடத்திலும் காட்ட வேண்டும். கண்டு சொல்பவர் ஒருவர், சரிசெய்பவர் வேறொருவர் என்று ஆகும்போது, பொய்க் குறை சொல்லும் ஆசைக்கு இடமில்லை. ஸ்கேன் கருவி காட்டிய குறியீடுகளை எழுதி அல்லது படம் எடுத்து வைத்துக்கொள்வது இதற்கு உதவும்.

பழைய பாகத்தையும் புதிய பாகத்தின் பெட்டியையும் கேட்டு வாங்க வேண்டும். பெட்டியில் அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்த மாதம், நிறுவனத்தின் முகவரி ஆகியவை அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என்பது சட்டம்.

பில் பெறாமல் வரக் கூடாது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தர மறுப்பதே நியாயமற்ற வணிக நடவடிக்கை ஆகும். பணம் பெற்றுச் செய்யும் பழுதுபார்ப்பு அச்சட்டத்தின்கீழ் ஒரு சேவை. குறைபாடு இருந்தால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். கொடுத்த தொகை ரூ. 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

எல்லாவற்றுக்கும் மேலாக, கார் நன்றாக ஓடும்போதே மெக்கானிக்கைத் தேட வேண்டும். எண்ணெய் மாற்றுவது போன்ற சிறிய வேலைக்கு ஒருவரிடம் சென்று, அவர் பேச்சையும் பில்லையும் பார்த்துப் பழகிக்கொள்ளலாம். நடுவழியில் நின்ற காருடன் தேடுபவருக்குத் தெரிவு செய்ய நேரம் இருக்காது. 1941இல் சோதனை செய்தவர்கள் நடித்துக் காட்டியது இத்தகைய நிலையைத்தான்.

இன்றைய நிலை

மின்சாரக் கார்களில் கார்புரேட்டரும் இல்லை, கிளட்சும் இல்லை. தேயும் பாகங்கள் குறைவு; ஆனால் மென்பொருள் அதிகம். குறையைச் சொல்லும் தகவல் காரிலிருந்து கம்பியில்லாத் தொடர்பு வழியே நேராக நிறுவனத்துக்குச் செல்கிறது. மாசசூசெட்ஸ் மக்கள் 2020ஆம் ஆண்டு மீண்டும் வாக்களித்தது இந்தத் தகவல் உரிமையாளருக்கும் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே.

ஓட்டுநர் காலத்திலிருந்து இன்றுவரை ஏமாற்றியவர் ஒரே வகையினர் அல்லர். ஓட்டுநர், சாலையோர கராஜ், புகழ்பெற்ற நிறுவனம், கார் தயாரிப்பாளர் என்று மாறி மாறி வந்திருக்கின்றனர். மாறாதது ஒன்றே: ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமல் இருந்த இடத்தில்தான் ஏமாற்று நடந்தது. எழுத்தில் தந்த மதிப்பீடு, கையில் வந்த பழைய பாகம், எல்லோரும் படிக்கக்கூடிய குறியீடு ஆகியவை அந்த இடைவெளியைக் குறைத்தன. புதுப்பேட்டையிலும் கோவையிலும் தெருவோரத்தில் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக்குக்கு நாளைய காரைத் திறந்து பார்க்கும் உரிமை இருக்குமா என்பது, அவர் பிழைப்பைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. கார் வாங்கியவருக்கு இரண்டாவது கருத்துக் கேட்க ஓர் ஆள் இருப்பாரா என்பதும் அதனுள் அடங்கியுள்ளது.